கதை முடியும் முன்னே பேர் வைக்கலாமா?

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடர் ஓடிய நேரம். 2018-ல் மட்டும் அமெரிக்காவில் 560 பெண் குழந்தைகளுக்கு ‘கலீசி’ என்று பேர் வைத்தார்கள். இத்தனைக்கும் அது பேரே இல்லை, கதையில் வரும் அரசிப் பட்டம்! அடுத்த வருஷமே கடைசி சீசனில் அந்த நாயகி ஊரையே எரித்துச் சாம்பலாக்க, பெற்றோர் பலர் திகைத்துப்போனார்கள்.

நம்ம ஊரிலும் இந்த ஆசை பழசுதான். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடரில் வரும் பூங்குழலி கற்பனைப் பாத்திரம். பழிவாங்கத் துடிக்கும் நந்தினியும் அப்படியே. ஆனாலும் நந்தினிகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. வசிஷ்டரின் பசுவுக்கே அந்தப் பேர்தானே! பூங்குழலி என்றால் பூச்சூடிய கூந்தல்காரி. கதை தெரியாதவருக்கும் பிடித்துப்போகும். பாவம், கலீசிக்குக் கதையை விட்டால் வேறு துணையில்லை.

ஆகவே, அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதியணும். அப்போது பேர் கட்டாயமில்லை. 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு என்றால் தாமதக் கட்டணம் உண்டு. தருமபுரி சித்தேரி மலையோ, சென்னையோ, விதி ஒன்றுதான்.

என்ன, கதை முடிய ஒரு வருஷம் போதாது. 1950-ல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தது 1954-ல்!