யாருடைய பாரம்பரியம் இந்தச் செட்டிநாட்டு வீடு?

காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் இப்போது பாரம்பரியம் விற்பனைக்கு இருக்கிறது. பழைய செட்டியார் வீடுகள் சில, ராத்திரிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் விடுதிகளாகிவிட்டன. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. வெள்ளைக்காரன் வருகிறான், சினிமாக்காரன் வருகிறான், கட்டடக்கலை மாணவர்கள் அளவு நாடாவோடு வருகிறார்கள். வரட்டும். எனக்கிருப்பது ஒரே கேள்வி: இது யாருடைய பாரம்பரியம்?

முதலில் வீட்டைப் பார்ப்போம். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. திண்ணை வைத்த முகப்பு, பட்டாலை, வானம் பார்த்த முற்றத்தோடு வளவு, அதைச் சுற்றிக் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கோர் அறை, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அடுப்படி, பின்வாசல். பர்மாத் தேக்கில் தூணும் கதவும். இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, சுவரில் ஜப்பான் பூ ஓடு, தரையில் ஆத்தங்குடிக் கல். 1912-இல் கட்டிய கானாடுகாத்தான் அரண்மனையைக் காட்டுகிற கைடு இந்தப் பட்டியலை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். கல் எங்கிருந்து வந்தது என்று சொல்வான். காசு எங்கிருந்து வந்தது, கை எங்கிருந்து வந்தது என்று சொல்ல மாட்டான்.

காசை எடுத்துக்கொள்வோம். நான் வங்கி எழுத்தன். அடமானப் பத்திரம் எப்படிக் கிரயப் பத்திரமாக மாறும் என்பது எனக்குத் தெரியும். கீழ் பர்மாவில் நடந்தது அதுதான். ஐராவதி டெல்டாவில் காடு வெட்டி நெல் போட்ட விவசாயிக்குச் செட்டியார் பணம் கொடுத்தார், நிலம் ஈடு. 1930-இல் உலக மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடன் மட்டும் விழவில்லை. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையிலிருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1938-இல் அது 25 பங்கு, ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர். 1937-இல் ஒரு செட்டியார் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. மூன்றும் ஒரே கணக்குப் புத்தகத்தின் பக்கங்கள். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான், வட்டி நின்றது, வீடு கட்டுவதும் நின்றது. 'அழகுணர்ச்சி' என்று புத்தகம் போடுகிறவர்கள் இந்தத் தேதிகளையும் பக்கத்தில் அச்சிட வேண்டும்.

இனி கை. பளிங்கு மாதிரி மின்னும் அந்தச் சுவர்ப்பூச்சு சும்மா வரவில்லை. சுண்ணாம்பை நாள்கணக்கில் புளிக்கவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, பல பூச்சுப் பூசி, கடைசியில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியது. என் அப்பத்தாவைப் பெற்றவள் அப்படிச் சுண்ணாம்பு இடித்தவள். வெள்ளைக்கரு சுவருக்குப் போச்சு, மஞ்சக்கரு யாருக்குப் போச்சு என்று அப்பத்தாவிடம் ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் எங்களுக்கு எங்கடா தந்தாக? வேலை முடியிற வரைக்கும் எங்க ஆத்தா வளவுக்குள்ளயே போயி வந்தா. பால் காச்சினதுக்குப் பொறகு பின்வாசலத் தாண்டலை" என்றாள். கட்டும்போது தீட்டில்லை, கட்டி முடித்ததும் தீட்டு. இந்த வீடுகளின் தரைப்படத்தில் இதைக் குறிக்க எந்தக் கட்டடக்கலைப் புத்தகத்திலும் கோடு இல்லை.

அதே காலத்தில் வீட்டுக்கு வெளியே என்ன நடந்தது? செட்டிநாட்டின் பெரும்பகுதி அன்றைக்கு இராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தில் கள்ளர் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது; சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மேலே துணி போடக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் நாசமானது, ஆடுமாடு கொள்ளை போனது. 1931 ஜூனில் தடை பதினொன்றானது: பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும், காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணிவரை மிராசுதாரிடம் வேலை, ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. ஜே.எச்.ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சாதி பற்றி 1946-இல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

தடை போட்டது செட்டியார் இல்லையே என்று நண்பர்கள் சிலர் சொல்வார்கள். இல்லைதான். ஆனால் ஒரு வட்டாரத்தில் ஒருவன் பெல்ஜியம் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்த காலத்தில், இன்னொருத்தி பித்தளைக் குடம் தூக்கினால் குடிசை எரியும் என்றால், இரண்டும் தனித்தனி வரலாறா? மலிவான கூலியும் மண்குடமும் ஒரே ஏற்பாடு. பணம் ஒரு சாதியிடம், தடி ஒரு சாதியிடம், முதுகு எங்களிடம். இன்றைக்குக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அந்தக் காலத்துப் பித்தளைப் பாத்திரங்கள் குவிந்து கிடக்கின்றன. எங்கள் பாட்டிகளுக்கு மறுக்கப்பட்டதுதான் இப்போது அலங்காரப் பொருள்.

"அப்ப இடிச்சுப்புடணும்கிறியா?" என்று ஒரு தோழர் கேட்டார். வேண்டாம். இடித்தால் சாட்சி போய்விடும். அந்தச் சுவர் எங்கள் கைரேகை. அது நிற்க வேண்டும், ஆனால் வாயைத் திறந்து நிற்க வேண்டும். சுற்றுலாத் துறையின் பலகையில் தேக்கும் சலவைக்கல்லும் எழுதியிருக்கிற இடத்தில் பர்மா நிலக் கணக்கையும் எழுது. 1931-இன் பதினொரு தடைகளையும் வாசலிலேயே எழுது. சுண்ணாம்பு இடித்தவர்கள், கல் சுமந்தவர்களின் வாரிசுகள் இன்னும் இந்தச் சேரிகளில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய். பாதுகாப்புக்கு அரசு ஒரு ரூபாய் ஒதுக்கினால், அந்த ஊர்ச் சேரிக்கு எவ்வளவு என்று அதே தாளில் சொல்.

மாணவத் தோழர்களே, அளவு நாடாவோடு போகிறவர்களில் நீங்களும் இருப்பீர்கள். முகப்பிலிருந்து அளக்காதீர்கள். பின்வாசலிலிருந்து அளக்கத் தொடங்குங்கள். வீட்டின் உண்மையான நீளம் அப்போதுதான் தெரியும்: அது பின் தெருவில் முடியவில்லை, சேரி வரைக்கும் வருகிறது.