பெரியப்பாவின் கார் சாவி

"பெரியப்பாவிடமிருந்து கார் சாவியை யார் வாங்குவது?"

சென்ற மாதம் எங்கள் குடும்பத்தில் எழுந்த பெரிய பிரச்னை இதுதான். பெரியப்பாவுக்கு வயது 78. சாந்தோமில் வீடு. ஐம்பது வருஷமாகக் கார் ஓட்டுகிறவர். "ஒரு நாய்க்குட்டியைக்கூட இடித்ததில்லை" என்று பெருமையாகச் சொல்வார். அது வாஸ்தவமும்கூட. ஆனால் அன்று சாயங்காலம் சாந்தோம் நெடுஞ்சாலையில் திரும்பும்போது, புத்தகப் பையைச் சுமந்துகொண்டு ஓரமாக வந்த சிறுமி அவர் கண்ணில் படவேயில்லை. பக்கத்திலிருந்த பெரியம்மா அலறிய அலறலில்தான் பிரேக்கை அழுத்தினார். குழந்தைக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. தெய்வம் காப்பாற்றியது.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு பேச்சு. "வயதானவர்களுக்கு லைசென்ஸே கொடுக்கக் கூடாது" என்றான் பேரன். "அடையாறு பாலத்தின் மேல் நீ மோட்டார் சைக்கிளில் பறந்ததை நான் பார்க்கவில்லையா?" என்றார் பெரியப்பா. பையன் கப்சிப்!

இருவர் கட்சியிலும் நியாயம் உண்டு. வேகமும் செல்போனும் வாலிபர்களின் வியாதி. வயதானவர்களின் கஷ்டம் வேறு. கண்ணில் புரை விழுந்தால் எதிரே வரும் விளக்கு கூசும். கழுத்து முன்போல் திரும்பாது. சர்க்கரை வியாதி நாளாக ஆகப் பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கும். 'கிளாக்கோமா' என்ற கண் நோயோ சத்தமில்லாமல் பக்கப் பார்வையைத் திருடிவிடும். நேரே உள்ளதெல்லாம் நன்றாகத் தெரிவதால், பறிகொடுத்தவருக்கே சங்கதி தெரியாது!

சட்டம் இதையெல்லாம் மறந்துவிடவில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தினார்கள். அதன்படி 55 வயதுக்கு மேல் லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நாற்பது தாண்டியவர்கள் டாக்டர் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். 25 மீட்டர் தூரத்திலிருந்து கார் நம்பரைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கின்றன. ஆனால் காரை ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருஷம் கடந்துவிட்டால்தான் அந்தப் பரீட்சை.

பெரியப்பா சர்டிபிகேட் வாங்கிய கதையைக் கேளுங்கள். தெரிந்த டாக்டர். "உங்களுக்கு என்ன குறை, மார்க்கண்டேயர் அல்லவா!" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பரீட்சை காப்பி டம்ளரோடு முடிந்தது.

ஜப்பானில் 75 வயதானவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க வந்தால் ஞாபகசக்தியைச் சோதிக்கிறார்கள். படங்களைக் காட்டிவிட்டு, என்னென்ன பார்த்தீர்கள் என்று பிறகு கேட்கிறார்கள். 2019-இல் டோக்கியோவில் 87 வயதுக்காரர் ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததில், ஒரு தாயும் மூன்று வயதுக் குழந்தையும் மாண்டார்கள். 2022 முதல், அந்த வயதில் சில குறிப்பிட்ட விதிகளை மீறியவர்கள் மறுபடி ஓட்டியும் காட்ட வேண்டும். இன்னொன்றும் செய்கிறார்கள். தாமாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுப்பவர்களுக்குப் பல ஊர்களில் பஸ், டாக்ஸிக் கட்டணத்தில் சலுகை உண்டு.

எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி விஷயம்தான். மறு பரீட்சை வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். எழுபதுக்கு மேல் ஒவ்வொரு முறையும் கண்ணை உண்மையாகவே சோதிக்கட்டும். பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டச் சொல்லட்டும். தேறினால் தொண்ணூறு வயதிலும் ஓட்டட்டும். தேறாவிட்டால், சாவியை வாங்குகிற வீட்டார் வேறு வழியும் செய்து தர வேண்டும். பெரியப்பாவுக்குச் சாவி என்றால் வெறும் இரும்பா? மந்தைவெளி சிநேகிதர், கபாலி கோவில், காலை நேரக் காய்கறிக் கடை எல்லாம் அந்த வளையத்தில்தானே கோத்திருக்கின்றன? சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவரைச் சாய்வு நாற்காலியில் தள்ளிவிட்டால் அதுவும் ஒரு விபத்துதான்.

கடைசியில் நாங்கள் யாரும் பிடுங்கவில்லை. கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. ஆபரேஷன் முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை காரைத் தொடுவதில்லை என்று பெரியப்பாவே சாவியைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டார். அவள் அதைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் ஆட்டோவுக்கு வீட்டுக் கணக்கில் பணம் ஒதுக்கியாயிற்று. மந்தைவெளிப் போக்குவரத்து நிற்கவில்லை.

நீங்களும் ஒன்று செய்து பாருங்களேன். நல்ல வெளிச்சத்தில், வாசலில் நிற்கும் வண்டியிலிருந்து ஏறக்குறைய நாற்பது எட்டு தள்ளி நின்று நம்பரைப் படிக்கச் சொல்லுங்கள். தாத்தாவை மட்டுமல்ல, வண்டி ஓட்டும் எல்லோரையும்தான்! எங்கள் வீட்டில் பெரியப்பா அப்படித்தான் அடம் பிடித்தார். பேரன் கடகடவென்று படித்துவிட்டான். தினம் ஸ்கூட்டர் ஓட்டும் எனக்கோ, கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை.

நாளைக்குக் கண்ணாடிக் கடைக்குப் போகிறேன். ஆட்டோவில்தான்!