41,000 ரூபாய்க்கு கம்பி வாங்கினேன், காரை சரி பண்ணது ஸ்பேனர்தான்

போன வாரம் வீடியோவுல பின்னாடி நின்ன அந்தப் பழைய ஹெரால்டு யாரோடதுன்னு நிறைய பேருக்கு சந்தேகம். என்னோடதுதான். அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, இப்ப நான் ஓட்டுறேன். மாசா மாசம் பட்ஜெட் போடச் சொல்லி உங்க உயிரை எடுக்குற நான், இந்தக் காருக்காக ஒரு முட்டாள்தனமான செலவு பண்ணியிருக்கேன். அந்தக் கதையை மறைக்காம எழுதிடலாம்னு தோணுச்சு. ஏன்னா அதே தப்பை உங்க சம்பளத்துலயும் நீங்க பண்ணிட்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

நம்ம வடசென்னை வண்டி செஞ்ச ஊரு. எண்ணூர்ல 1949-லயே ஆஸ்டின் ஏ40 கார்களை அசெம்பிள் பண்ணாங்க, அந்தக் கம்பெனிதான் பிறகு அசோக் லேலண்ட் ஆச்சு. 1955-ல திருவொற்றியூருக்கு என்ஃபீல்டு வந்தது. ஹெரால்டு மட்டும் ஊருக்கு அந்தப் பக்கம், வண்டலூர் ஃபேக்டரியில 1961-ல இருந்து வந்த வண்டி. ஆனா அது பேர் வாங்கினது நம்ம பக்கம் இருக்கிற சோழவரத்துல. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தின ரேஸ்ல ஹெரால்டும் ஃபியட்டும் ஓடின கதையை அப்பா நூறு தடவை சொல்லியிருப்பார்.

இன்னொரு பெருமையும் உண்டு. பிரிட்டன்ல 1962-ல வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ங்கிற ஸ்போர்ட்ஸ் காரோட சேஸிஸ், ஹெரால்டு சேஸிஸைக் குட்டையாக்கி செஞ்சதுதான். அதாவது என் கார் ஒரு ஸ்போர்ட்ஸ் காரோட அண்ணன். இந்த நினைப்புதான் என் பர்ஸைக் காலி பண்ணுச்சு.

என்ன வாங்கினேன்?

ஸ்வே பார். நம்ம மெக்கானிக்குங்க ஸ்டெபிலைசர் பார்னு சொல்லுவாங்க. காருக்கு அடியில, இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கிற ஒரு ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி. நடுவுல ரெண்டு ரப்பர் புஷ்ல சேஸிஸோட உக்காந்திருக்கும், ரெண்டு முனையும் லிங்க் ராடு வழியா சஸ்பென்ஷன் ஆர்ம்ல மாட்டியிருக்கும். வளைவுல கார் ஒரு பக்கமா சாயும்போது இந்தக் கம்பி முறுக்கிக்கிட்டு, "சாயாதே"ன்னு பிடிக்கும்.

இங்கதான் பலர் ஏமாறுறோம். இந்தக் கம்பி ரோட்டுல புதுசா பிடிப்பு எதையும் உண்டாக்காது. சாய்வைக் குறைக்கும், அவ்வளவுதான். எந்த முனையில இறுக்கமா இருக்கோ, அந்த முனையில வெளிப்பக்க டயர் மேல கூடுதல் சுமையைத் தள்ளும். முன்னாடி ரொம்ப இறுக்கினா, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேரா போகப் பார்க்கும். பின்னாடி ரொம்ப இறுக்கினா, வால் வெளிய வீசும்.

கனம் கொஞ்சம் கூடினாலே இறுக்கம் எகிறிடும். கம்பியோட விறைப்பு, விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும். 18 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலா 22 போட்டா, பார்க்க நாலு மில்லிமீட்டர் வித்தியாசம்தான். விறைப்போ கிட்டத்தட்ட இரண்டேகால் மடங்குல நிக்கும்.

நான் வாங்கினது வெளிநாட்டுல இருந்து வந்த, கனமான, அட்ஜஸ்ட் பண்ணக்கூடிய முன்பக்க பார். முனையில மூணு ஓட்டை இருக்கும். கடைசி ஓட்டையில லிங்க் மாட்டினா நெம்புகோல் நீளம், அதனால மென்மை. உள் ஓட்டையில மாட்டினா நீளம் குறையும், இறுக்கம் கூடும். கூரியர், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய். கையில காசு இல்ல. கிரெடிட் கார்டுல 16% வட்டிக்கு 12 மாச இ.எம்.ஐ. மாசம் 3,720 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 3,640, அந்த வட்டிக்கு மேல 18% ஜி.எஸ்.டி. தனி. அப்ப என் எமர்ஜென்சி ஃபண்டு எவ்வளவு தெரியுமா? ஒரு மாச சம்பளம்.

அந்த மழை ராத்திரி

பார் வந்த அன்னிக்கே நானே மாட்டினேன். எந்த ஓட்டை? சந்தேகமே இல்ல, இருக்கிறதுலயே இறுக்கமான ஓட்டை. காசு கொடுத்து வாங்கியாச்சு, முழுசா அனுபவிக்க வேண்டாமா?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை, நடுவுல பள்ளம். இடது சக்கரம் ஒரு பள்ளத்துல இறங்கினா வலது பக்கமும் சேர்ந்து குலுங்க ஆரம்பிச்சுது. கம்பி ரெண்டு சக்கரத்தையும் கட்டிப்போட்டிருக்கே, ஒண்ணோட அடி இன்னொண்ணுக்கும் போகத்தான் செய்யும். நான் அதை "ஸ்போர்ட்டி ஃபீல்"னு சொல்லி சமாளிச்சேன்.

ஒரு மழை ராத்திரி, அம்மாவை ராயபுரத்துல இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன். வேகம் 40 கூட இருக்காது. ஒரு இடது வளைவுல ஸ்டீயரிங்கைத் திருப்புறேன், கார் திரும்பல. நேரா போகுது. எதிர்ல லைட் இல்லாம நின்ன ஒரு ட்ரெய்லர். பிரேக்கை விட்டு விட்டு மிதிச்சு, ரெண்டு அடி தூரத்துல நின்னோம். அம்மா ஒரு வார்த்தை பேசல. வீடு வர்ற வரைக்கும் டேஷ்போர்டைப் பிடிச்ச கையை எடுக்கல.

மறுநாள் தேரடி பக்கம் ஒரு பழைய மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். வாழ்க்கை முழுக்க லாரி சஸ்பென்ஷன் பார்த்தவர். புது பாரை அவர் தொடவே இல்ல. குனிஞ்சு டயரைப் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு என்ன வயசு?"

டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். என் டயருக்கு ஒன்பது வயசு. பட்டன் நல்லாத்தான் இருந்தது, ஆனா ரப்பர் கல்லாயிடுச்சு. அடுத்து சஸ்பென்ஷன் புஷ்ஷை ஒரு ராடு வச்சு நெம்பிக் காட்டினார், தூளா உதிர்ந்துது. கடைசியா லிங்க் ராடு. ஒரு பக்கம் ஜாக்கியில தொங்கும்போது நான் அதோட நீளத்தை செட் பண்ணியிருக்கேன். கார் தரையில இறங்கினதும் கம்பி முறுக்கிக்கிட்டே நிக்குது. இடது வளைவுல ஒரு மாதிரி, வலது வளைவுல வேற மாதிரி.

"கம்பி நல்ல கம்பிதான் தம்பி. நீ அதை செட் பண்ணவே இல்லையே."

நாலு டயர் 14,000. புஷ் 1,800. கூலி 600. மொத்தம் 16,400 ரூபாய். பாரை மென்மையான ஓட்டைக்கு மாத்தினோம். இன்னிக்கு வரைக்கும் அது அங்கதான் இருக்கு, கார் அருமையா ஓடுது.

செட் பண்றது எப்படி?

உங்ககிட்டயும் பழைய வண்டி இருந்தா குறிச்சு வச்சுக்கங்க. முதல்ல டயர் வயசு, காற்று, புஷ், வீல் அலைன்மென்ட். இது சரியா இல்லாம பாரைத் தொடாதீங்க. கார் சமதரையில நாலு சக்கரத்துல நிக்கணும், டிரைவர் சீட்ல உங்க எடைக்கு ஆளோ மூட்டையோ இருக்கணும். ஒரு பக்க லிங்கைக் கழட்டி, போல்ட் கையாலேயே வழுக்கிக்கிட்டு உள்ள போற அளவுக்கு நீளத்தை சரி பண்ணுங்க. சுத்தியலால தட்டித்தான் போகுதுன்னா கம்பியில முறுக்கு இருக்குன்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் ஒரே ஓட்டை. மென்மையானதுல ஆரம்பிச்சு, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். நோட்டுல எழுதுங்க.

எல்லை வரைக்கும் ஓட்டிப் பார்க்கணும்னா அதுக்கு இடம் ரேஸ் டிராக். 1990-ல இருந்து இருங்காட்டுக்கோட்டையில ஒண்ணு இருக்கு. எக்ஸ்பிரஸ் சாலை யாரோட சோதனைக்கூடமும் இல்ல. வண்டியில மாற்றம் பண்ணினா மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு என்ன சொல்லுதுன்னு பாருங்க, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல சொல்லிடுங்க.

ஒரு விஷயம் எனக்குப் பிறகுதான் புரிஞ்சுது. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் ரெண்டுக்கும் பின் சக்கரங்கள் வளைவுல உள்ள மடங்குற ஒரு குறை உண்டு. 1970-ல வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல கம்பெனியே அதை சரி பண்ணுச்சு. பின்பக்க ஸ்பிரிங்கை சாய்வுக்கு இளகினதா மாத்தினாங்க, அதுக்கு ஈடா முன்பக்க பாரைக் கனமாக்கினாங்க. ரெண்டும் சேர்ந்தாத்தான் வைத்தியம். நான் பார்த்தது கனமான பாரை மட்டும். பாதி மருந்துச் சீட்டை வச்சுக்கிட்டு மருந்து வாங்கியிருக்கேன்.

இப்ப உங்க சம்பளத்துக்கு வருவோம்

என் கருத்து இதுதான்: நம்ம வயசுல பணம் வீணாகிறதுக்குப் பெரிய காரணம், வாங்கினதை செட் பண்ணாமலேயே அடுத்ததை வாங்குறது. வாங்குறதுல ஒரு கிக் இருக்கு, பார்சல் பிரிக்கிற சந்தோஷம் இருக்கு. ஸ்பேனரைப் பிடிச்சு ரெண்டு மணி நேரம் குனியறதுல அது இல்ல. ஆனா பலன் பெரும்பாலும் அங்கதான் இருக்கு, அதுக்கு செலவும் அநேகமா கிடையாது.

உங்க பி.எஃப். கணக்குல நாமினி யாரு? வேலைக்குச் சேர்ந்த நாள்ல விட்ட மாதிரியே காலியா இருக்கா? 2023-24-ல இருந்து புது வரி முறைதான் டீஃபால்ட். உங்களுக்கு எது லாபம்னு ஒரு தடவையாவது கணக்குப் போட்டீங்களா, இல்ல அது கிடந்த ஓட்டையிலேயே கிடக்குதா? ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸ்ல அம்மா அப்பா பேர் இருக்கா? சம்பளம் 25,000 இருந்தப்ப போட்ட 2,000 ரூபாய் எஸ்.ஐ.பி., சம்பளம் 45,000 ஆன பிறகும் அதே 2,000-தானா? இதுல எதுக்கும் புதுசா ஒரு ஆப் வேண்டாம், நான் சொல்ற எந்த ஃபண்டும் வேண்டாம். ஒரு ஞாயித்துக்கிழமை காலை போதும்.

ஃப்ரெண்டு ஸ்மால்கேப்ல சம்பாதிச்சான்னு நீங்களும் போடுறீங்க. அவனுக்கு ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்டு இருக்கு, சொந்த வீடு இருக்கு. அவனோட கனமான பார் மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. இளக்கி வச்ச பின்பக்க ஸ்பிரிங் தெரியல.

ஹாபிக்கு செலவு பண்ணாதீங்கன்னு சொல்ல மாட்டேன். ஹெரால்டை விக்கச் சொன்னா நான் விக்கவும் மாட்டேன். ஆனா இப்ப எனக்கு ஒரு விதி இருக்கு. காருக்கோ முதலீட்டுக்கோ, புதுசா ஒண்ணு வாங்குறதுக்கு முன்னாடி, ஏற்கெனவே இருக்கிறதுல நான் தொடாத செட்டிங் என்னன்னு ஒரு பக்கம் எழுதணும். எழுதினதை முடிக்கணும். முடிச்ச பிறகும் அந்தப் பொருள் தேவைப்பட்டா, காசு சேர்த்து வாங்கணும். இ.எம்.ஐ. கிடையாது. இந்த விதி வந்த பிறகு, வாங்க நினைச்சதுல பாதி தேவையே இல்லாமப் போச்சு.

அந்தக் கார் இ.எம்.ஐ. முடிஞ்ச மாசத்துல இருந்து அதே 3,720 ரூபாய் எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகுது. அம்மா இப்பவும் ஹெரால்டுல ஏறுவாங்க. ஆனா ஏறுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேப்பாங்க: "டயர் பார்த்தியாடா?"

நீங்களும் இந்த ஞாயித்துக்கிழமை பார்த்துடுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்.