பொத்தானின் பெயரை மாற்றாதீர்கள்

சிங்கப்பூரில் செயலிகளுக்கும் மென்பொருளுக்கும் தமிழில் கையேடு எழுதுவோர், மொழிபெயர்ப்பில் காட்டும் அக்கறையை அச்சுக்குறிகளிலும் காட்ட வேண்டும். கையேட்டைப் படிப்பவர் ஒரே வரியில் மூன்றைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது: திரையில் தேட வேண்டிய பெயர், அப்படியே தட்டச்சு செய்ய வேண்டியது, தமது விவரத்தை இட்டு நிரப்ப வேண்டியது. யூனிக்ஸ் இயங்குதளக் கையேடுகளில் இதற்கொரு மரபு உண்டு. தடித்த எழுத்தில் இருப்பதை உள்ளபடியே தட்ட வேண்டும். சாய்வெழுத்தில் இருப்பதற்குப் பதிலாக நமக்குரியதை இட வேண்டும். சதுர அடைப்புக்குள் இருப்பதை வேண்டுமானால் விட்டுவிடலாம்.

இந்த மரபை அப்படியே தமிழில் பொருத்த முடியாது. சாய்வெழுத்து, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெனிஸ் அச்சகத்தில் ரோமன் எழுத்துக்கென உருவான தனி வடிவம். தமிழ் எழுத்தையோ கணினி பெரும்பாலும் வெறுமனே சரித்துக் காட்டுகிறது. கைப்பேசித் திரையில் அது எளிதில் கண்ணில் படாது. இதைவிடப் பெரிய சிக்கல் வேற்றுமை உருபு. திரையில் ‘படம்’ என்றிருக்க, கையேடு ‘படத்தை அழுத்தவும்’ என்கிறது. தொழில்நுட்பத்துக்குப் புதியவர், திரையில் இல்லாத சொல்லைத் தேடித் தடுமாறுகிறார். பெயரைத் தடித்த எழுத்தில் மாறாமல் நிறுத்தி, உருபை அடுத்த சொல்லில் ஏற்றுவதே வழி: ‘படம்’ என்ற பொத்தானை அழுத்தவும். நிரப்ப வேண்டிய இடத்துக்குச் சாய்வெழுத்தை விட்டுக் கோண அடைப்பைப் பயன்படுத்தலாம்.

இங்கு எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியுமே என்பார்கள். லிட்டில் இந்தியாவில் ஞாயிறுதோறும் கூடும் தமிழகத் தொழிலாளர்கள் பலருக்கும், தமிழிலேயே படித்து வளர்ந்த முதியோருக்கும் அது பொருந்தாது. அதிகாரத்துவ மொழியான தமிழில் வெளிவரும் வழிகாட்டி அவர்களுக்குப் பயன்படவே வேண்டும். குறிகள் பெருகினால் வாசகர் மிரள்வார் என்பது இன்னொரு மறுப்பு. மூன்று குறிகள் போதும். அவற்றை முதல் பக்கத்திலேயே விளக்கிவிடலாம். குறியே இல்லாவிட்டால், எடுத்துக்காட்டாகத் தந்த கணக்கு எண்ணையே ஒருவர் பணம் அனுப்பும் படிவத்தில் தட்டிவிடக்கூடும். அந்தக் குழப்பத்தோடு ஒப்பிட்டால் மூன்று குறிகளைக் கற்பது சிறு சுமைதான்.

பொதுத் தரம் காண்பது இந்நகரத்துக்குப் புதிதன்று. தமிழ்க் கணினித் துறை முன்னோடி நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியில் 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு கூடியது இங்கேதான்; 2000இல் உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியதும் இங்கேதான். எழுத்துக் குறியீட்டுச் சிக்கலை ஒருங்குறி பெரிதும் தீர்த்துவிட்டது. அடுத்து, அரசு மொழிபெயர்ப்பாளர்களும் உத்தமமும் கூடிக் கையேட்டுக் குறிகளுக்கு ஒரு பக்க விதிமுறையை வகுக்க வேண்டும். அதை எல்லா நிறுவனங்களும் இலவசமாகப் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும்.