மருந்து கொடுத்தனர், மலசலகூடம் கொடுத்தனரா?

மனித உடலுக்குள் ஒரு புழு புகுந்து குடியிருந்தால் குற்றவாளி யார்? புழுவைச் சுமந்து நலிபவனா? அப்புழு பெருகுவதற்கு இடம் விட்டவனா? மேசையில் அமர்ந்து உண்பவனுக்கு ஒரு நீதியும், லயத்தில் கிடந்து உழல்பவனுக்கு வேறொரு நீதியுமாக உலகம் இக்கேள்விக்கு விடை அளித்து வந்துள்ளது.

முதலில் ஜேர்மனியைப் பாருங்கள். 1860ஆம் ஆண்டில் டிரெஸ்டன் நகரத்து வைத்தியர் சென்கர், இறந்துபோன பணிப்பெண் ஒருத்தியின் தசைநாரில் டிரிக்கினெல்லா என்னும் நுண்புழுக்களைக் கண்டார். சரிவர வேகாத பன்றி இறைச்சியே அவளுக்கு எமனாயிற்று. 1865இல் ஹெடர்ஸ்லெபென் என்னும் சிற்றூரில் இதே நோய் முந்நூறுக்கு மேற்பட்டோரைப் படுக்கையில் வீழ்த்தியது; ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர். வைத்தியரும் அரசியல்வாதியுமான ருடோல்ஃப் விர்கோ, "நன்றாக வேகவைத்து உண்ணுங்கள்" என்று உபதேசம் செய்வதோடு அமைதி கொள்ளவில்லை. கடைக்கு வரும் பன்றி இறைச்சி யாவும் நுணுக்குக்காட்டியின் கீழ்ச் சோதிக்கப்பட வேண்டுமென வாதாடினார். படிப்படியாகச் சோதனை கட்டாயமாயிற்று. 1900இல் பேரரசு முழுவதற்குமே இறைச்சிச் சோதனைச் சட்டம் பிறந்தது. உண்டவன்மேல் பழி போடாது, விற்பவன்மேல் கடமை சுமத்தினர். ஏன்? உண்டவன் குடிமகன், அவனுக்குக் குரல் இருந்தது.

இனி நம் மாத்தளைக்கு வருவோம். இங்கே பரவியது இறைச்சிப் புழுவன்று. மண்ணிலிருந்து வரும் கொக்கிப்புழு. நோயாளியின் மலத்தோடு அதன் முட்டை ஈரமண்ணில் விழுகிறது. பொரித்த குடம்பி, வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. உடல் வெளுக்கிறது, மலை ஏற மூச்சு முட்டுகிறது. இரத்தசோகையால் தளர்ந்தவனுக்குத் துரைமார் சூட்டிய பெயரோ 'சோம்பேறி'!

1916ஆம் ஆண்டில் அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரச் சபை, இலங்கையில் தன் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியை மாத்தளைத் தோட்டங்களிலேதான் ஆரம்பித்தது. தோட்டத் தொழிலாளரின் மலத்தைச் சோதித்தனர். மிகப் பெரும்பாலோரிடம் புழு காணப்பட்டது. மருந்து கொடுத்தனர், புழுக்கள் வெளியேறின. அந்த உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மருந்துண்ட தொழிலாளி மறுநாள் எந்த மண்ணை மிதித்தான்? அதே மண்ணை. லயங்களுக்கு மலசலகூடம் கட்டித் தரத் துரைமார் பலர் தயங்கினர். செலவு என்றனர், கட்டினாலும் கூலிகள் பயன்படுத்தமாட்டார்கள் என்றனர். புழு மீண்டும் வந்தது.

சட்டம் இல்லாத காரணத்தாலா? அன்று! லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதார நிலையில் வைத்திருத்தல் தோட்டத்துரையின் கடமையென 1912ஆம் ஆண்டு வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டமே விதித்திருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. அதை நிறைவேற்றுவிக்கும் வலிமை தொழிலாளியின் கையில் இல்லை. பின்னர் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. அதையடுத்து வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கில்லாதவனின் வாசலுக்கு எந்த அரசியல்வாதி வடிகால் வெட்டுவான்?

பிரஜாவுரிமை மீண்ட பின்னரும் வஞ்சனை ஓயவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாய் நின்றது. சபைக்கு வாக்களிக்கலாம், சபையின் சேவையைக் கேட்கலாகாது! இந்த அநீதி நீங்க 2018ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தடை நீங்குதல் வேறு, கடமை நிறைவேறுதல் வேறு என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே நாம் கேட்பவை மூன்று. மாத்தளை மாவட்டத்துப் பிரதேச சபை ஒவ்வொன்றும் தன் வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டங்களின் மலசலகூடத்துக்கும் குடிநீருக்கும் வடிகாலுக்கும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். தோட்ட நிருவாகம் "இது சபையின் வேலை" என்றும், சபை "இது தோட்டத்தின் வேலை" என்றும் பந்தாடுவதை நிறுத்த வேண்டும். லயத்தில் வாழ்பவருக்குத் தம் வீட்டுமண்ணில் உறுதிப்பத்திரத்தோடு உரிமை வேண்டும். தனதல்லாத நிலத்தில் எவன் துணிந்து குழி தோண்டிக் கூடம் கட்டுவான்?

படித்த பெருமக்களே, இது தோட்டத்தாரின் தனிக்கதை என்று ஒதுங்காதீர்கள். விவசாயப் பெருமக்களே, வயலுக்கு வெறுங்காலோடு இறங்கும் உங்களுக்கு ஈரமண்ணின் ஆபத்தை எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. மலையில் பெய்யும் மழை கீழேதான் ஓடிவருகிறது.

இன்று குடற்புழுவை வெளியேற்ற ஒரு மாத்திரை போதும். அம்மாத்திரையை விழுங்கியவன் மீண்டும் அதே மண்ணை மிதிக்காதிருக்கச் செய்வது அரசியலின் வேலை. ஜேர்மனியக் குடிமகனுக்கு அன்று கிடைத்த நீதி மாத்தளைத் தொழிலாளிக்கும் கிடைக்கும்வரை, உங்கள் சபை உறுப்பினரைக் காணும்தோறும் கேளுங்கள்: மருந்து கொடுத்தீர்கள், மலசலகூடம் எங்கே?