புதிய குவார்ட்டர்பேக் வந்தால் நியூயார்க் ஜெட்ஸ் தேறிவிடுமா?

இம்மாதம் 9ஆம் தேதி, திங்கட்கிழமை காலை. சிங்கப்பூரில் நீங்கள் வேலைக்கோ வகுப்புக்கோ கிளம்பிய நேரத்தில், கலிஃபோர்னியாவில் சூப்பர் பவுல் நடந்துகொண்டிருந்தது. சியேட்டல் சீஹாக்ஸ் குழு, நியூ இங்கிலந்து பேட்ரியட்ஸை 29-13 எனும் புள்ளிக்கணக்கில் வென்றது.

சீஹாக்ஸை வழிநடத்திய குவார்ட்டர்பேக் சாம் டார்னல்ட். வயது 28.

நியூயார்க் ஜெட்ஸ் ரசிகர்களுக்கு அதைப் பார்த்து வயிறு எரிந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஏன்னா, டார்னல்ட் ஒரு காலத்தில் அவர்களுடைய ஆள். 2018இல் ஆசையாய்த் தேர்ந்தெடுத்து, 3 பருவங்களுக்குப் பிறகு 'இவர் சரிப்பட்டு வரமாட்டார்' என்று அனுப்பிவைத்த ஆள்.

இப்போது ஜெட்ஸ் மறுபடியும் அதே இடத்தில் நிற்கிறது. வரும் ஏப்ரலில் நடக்கும் டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதன் கையில் இருக்கிறது. இன்னோர் இளம் குவார்ட்டர்பேக்கை எடுக்கலாமா, வேண்டாமா?

முதலில், குவார்ட்டர்பேக் என்றால் யார்?

இது நமக்குப் பழக்கமான காற்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்திக்கொண்டு ஓடியும் ஆடும் அமெரிக்கக் காற்பந்து.

தாக்கி ஆடும்போது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் போய்ச் சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, தானே ஓடிவிடுவதா? எல்லாவற்றையும் சில விநாடிகளில் முடிவுசெய்ய வேண்டும்.

அதற்குள் எதிரணியின் பெரும் உடல்வாகு கொண்ட ஆட்டக்காரர்கள் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். அவர்களைத் தடுக்க 5 பேர் அரணாக நிற்பார்கள். அந்த 5 பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

டிராஃப்ட் எப்படி நடக்கிறது?

இங்கிலீஷ் பிரிமியர் லீக்கில் பணம் இருந்தால் பிடித்த ஆட்டக்காரரை வாங்கிவிடலாம். என்எஃப்எல் அப்படியில்லை. பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் புதியவர்களை 32 குழுக்களும் வரிசையாக, ஒருவர்பின் ஒருவராகத் தேர்ந்தெடுக்கும். மோசமாக ஆடிய குழுவுக்கு முதல் வாய்ப்பு. பலவீனமான குழு எழுந்து நிற்கட்டுமே என்பதுதான் எண்ணம்.

சென்ற பருவத்தில் ஜெட்ஸ் ஆடியது 17 ஆட்டம். வென்றது 3. அதனால்தான் அதற்கு இரண்டாம் இடம். முதலிடம் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸுக்கு.

இந்த ஆண்டு அதிகம் பேசப்படும் குவார்ட்டர்பேக், இண்டியானா பல்கலைக்கழகத்துக்குத் தேசிய வெற்றியாளர் பட்டத்தைப் பெற்றுத்தந்த ஃபெர்னாண்டோ மெண்டோசா. ரெய்டர்ஸ் அவரை எடுத்துக்கொள்ளும் என்ற பேச்சு பலமாக அடிபடுகிறது. பெரிதாகப் பேசப்பட்ட இன்னொருவரான ஆரகனின் டான்ட்டே மூர், இன்னும் ஓர் ஆண்டு பல்கலைக்கழகத்திலேயே ஆடப்போவதாக அறிவித்துவிட்டார்.

அப்போ, ஜெட்ஸின் முறை வரும்போது 'இவர்தான்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒருவர் இருப்பாரா என்பதே சந்தேகம்.

ஜெட்ஸின் பழைய கணக்கு என்ன சொல்கிறது?

• 2009: மார்க் சான்ச்செஸ், 5ஆம் இடத்தில் தேர்வானார். முதல் 2 பருவங்களிலும் சூப்பர் பவுலுக்கு ஓர் ஆட்டம் முன்புவரை குழு போனது. அதற்குப் பிறகு இறங்குமுகம்.

• 2013: ஜீனோ ஸ்மித், இரண்டாம் சுற்று. ஜெட்ஸில் நிலைக்கவில்லை. பல ஆண்டு கழித்து, 2022இல் சியேட்டலில் 'மீண்டெழுந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்' விருது வாங்கினார்.

• 2016: கிறிஸ்டியன் ஹாக்கன்பர்க், இரண்டாம் சுற்று. முறையான ஆட்டம் ஒன்றில்கூட இறங்கியதில்லை.

• 2018: சாம் டார்னல்ட், 3ஆம் இடம். 6ஆம் இடத்திலிருந்து அங்கே முன்னேற, இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகள் மூன்றை ஜெட்ஸ் விட்டுக்கொடுத்தது.

• 2021: ஸாக் வில்சன், 2ஆம் இடம். 3 பருவம் கழித்து வெளியே.

நடுவில் அனுபவசாலிகளையும் முயன்று பார்த்தது. 2023இல் வந்த ஏரன் ராஜர்ஸ், முதல் ஆட்டத்தில் நான்கே ஆட்டநகர்வுகளில் குதிகால் தசைநார் கிழிந்து பருவத்தையே இழந்தார். 2025இல் வந்த ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், நவம்பரிலேயே உட்காரவைக்கப்பட்டார்.

ஜெட்ஸ் கடைசியாக 'பிளேஆஃப்' சுற்றுக்குப் போனது 2010 பருவத்தில். 15 பருவமாக வறட்சி. என்எஃப்எல்லில் இன்று வேறு எந்தக் குழுவும் இவ்வளவு காலம் காத்திருக்கவில்லை.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஜெட்ஸுக்கு ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஸ்மித்தும் டார்னல்டும் வேறிடத்தில் நன்றாகத்தானே ஆடினார்கள்?

டார்னல்டுக்கு எது மாறியது?

21 வயதில், முதல் ஆட்டத்திலேயே டார்னல்ட் களமிறக்கப்பட்டார். 3 பருவத்தில் 2 தலைமைப் பயிற்றுவிப்பாளர்கள். அவருடைய கடைசிப் பருவத்தில் குழு வென்றது 2 ஆட்டம்தான்.

பிறகு அவர் கரோலைனாவுக்குப் போனார். அங்கேயும் சரியாக அமையவில்லை. 2023இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்து, பொறுமையாக வேலை கற்றுக்கொண்டார். 2024இல் மின்னசோட்டாவில் 14 வெற்றி. அடுத்த ஆண்டு சியேட்டல். இப்போது சூப்பர் பவுல்.

வயதும் அனுபவமும் கைகொடுத்தன, உண்மை. ஆனால் நல்ல பயிற்றுவிப்பும் வலுவான சக ஆட்டக்காரர்களும் அமைந்த பிறகுதான் அந்தத் திறமை வெளியே வந்தது. விதை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, மண்ணும் வேண்டும்.

அப்புறம் ஏன் எல்லாரும் இளைஞர்களையே தேடுகிறார்கள்?

பணம்தான் காரணம்.

ஒரு குழு ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2025இல் அது 279.2 மில்லியன் டாலர். டாலஸ் குழுவின் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டின் ஒப்பந்தம், ஆண்டுக்குச் சராசரியாக 60 மில்லியன் டாலர். ஒரே ஆளுக்கு!

ஆனால் டிராஃப்டில் வருபவரின் சம்பளம் தேர்வான இடத்தைப் பொறுத்தது. 2024இல் முதலிடத்தில் தேர்வான கேலப் வில்லியம்ஸுக்கு 4 ஆண்டுக்கும் சேர்த்தே சுமார் 39.5 மில்லியன் டாலர்தான். இளம் குவார்ட்டர்பேக் தேறிவிட்டால், மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களைப் பலப்படுத்தலாம்.

வில்லியம்ஸை எடுத்த சிகாகோ பேர்ஸ் செய்தது அதைத்தான். அவருக்கு இடம்கொடுக்க அது அனுப்பிவைத்தது யாரைத் தெரியுமா? அதே ஜஸ்டின் ஃபீல்ட்ஸை!

முதல் ஆண்டு படுமோசம். அரண் பலவீனமாக இருந்ததால் எதிரணியினர் வில்லியம்ஸை 68 முறை சாய்த்தார்கள். குழு 5 ஆட்டம்தான் வென்றது. பருவத்தின் நடுவிலேயே பயிற்றுவிப்பாளரின் வேலை போனது.

ஆனால் பேர்ஸ் உடனே இன்னொரு குவார்ட்டர்பேக்கைத் தேடி ஓடவில்லை. தாக்குதல் ஆட்டத்தில் தேர்ந்த பென் ஜான்சனைப் பயிற்றுவிப்பாளராகக் கொண்டுவந்தது. 5 பேர் அரணில் 3 அனுபவசாலிகளைச் சேர்த்தது. 2025 பருவத்தில் 11 வெற்றி, தன் பிரிவில் முதலிடம். அதே வில்லியம்ஸ்தான்!

அப்படியென்றால் ஜெட்ஸ் என்ன செய்யலாம்?

எடுக்க வேண்டும் என்போரின் வாதத்தை லேசாக ஒதுக்க முடியாது. இரண்டாம் இடம் அடிக்கடி கிடைக்காது. குழு கொஞ்சம் முன்னேறினால், நல்ல குவார்ட்டர்பேக்குகள் கைக்கு எட்டாமல் போகலாம். 15 பருவமாகக் காத்திருக்கும் ரசிகர்களிடம் "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்வதும் சுலபமில்லை.

இருந்தாலும், இந்த ஆண்டு அவசரப்படாமல் இருப்பதே நல்லது என்று நினைக்க 3 காரணங்கள் உண்டு.

முதலாவது, முன்வரிசையில் இடம் கிடைத்தால்தான் நல்லவர் கிடைப்பார் என்பதில்லை. பேட்ரிக் மஹோம்ஸ் 2017இல் 10ஆம் இடத்தில் தேர்வானவர். முதல் ஆண்டு முழுவதும் ஒரே ஓர் ஆட்டம்தான் தொடங்கினார். மூத்தவர் அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் இருந்து கற்றுக்கொண்டார். லமார் ஜாக்சன் 32ஆம் இடம்.

இரண்டாவது, மண் இன்னும் தயாராகவில்லை. அரணுக்கு 2 இளைஞர்களைக் கடந்த 2 டிராஃப்டில் ஜெட்ஸ் சேர்த்திருக்கிறது, அது நல்ல தொடக்கம். ஆனால் தற்காப்பு? சென்ற பருவம் முழுவதும் எதிரணி எறிந்த பந்தில் ஒன்றைக்கூட அது இடைமறித்துப் பிடிக்கவில்லை. என்எஃப்எல் வரலாற்றில் எந்தக் குழுவுக்கும் இப்படி நடந்ததில்லை. எவ்வளவு பெரிய குவார்ட்டர்பேக் வந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மூன்றாவது, கையில் சேமிப்பு இருக்கிறது. சாஸ் கார்ட்னர், குவின்னன் வில்லியம்ஸ் ஆகிய 2 நட்சத்திரங்களை நவம்பரில் விட்டுக்கொடுத்ததால், 2027 டிராஃப்டின் முதல் சுற்றில் ஜெட்ஸுக்கு 3 தேர்வுகள். அடுத்த ஆண்டு பிடித்த ஒருவர் வந்தால், விலைகொடுத்து முன்னேற அது போதும்.

ஆகவே இந்த ஏப்ரலில் தற்காப்புக்கு ஒருவர், குவார்ட்டர்பேக் இடத்துக்குத் தற்காலிகமாக ஓர் அனுபவசாலி. கேட்க உற்சாகமாக இருக்காது, தெரியும். ஆனால் உற்சாகமான முடிவுகளை ஜெட்ஸ் ஏற்கெனவே நிறைய எடுத்துப் பார்த்துவிட்டது.

நாம் எதைக் கவனிக்கலாம்?

டிராஃப்டின் முதல் சுற்று சிங்கப்பூர் நேரப்படி ஏப்ரல் 24 காலையில் நடக்கும். அந்த மேடையில் தொப்பி போட்டுச் சிரிக்கும் பலருக்கு வயது 21, 22தான். உங்கள் வயதுகூட இருக்கலாம். முதல் வேலையில், வழிகாட்ட ஆளில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒருவேளை ஜெட்ஸ் குவார்ட்டர்பேக்கையே எடுத்தால், அவர் எவ்வளவு தூரம் பந்து எறிவார் என்று மட்டும் பார்க்காதீர்கள். அவருக்கு முன்னால் நிற்கும் 5 பேர் யார், சொல்லிக்கொடுப்பவர் யார், அந்தப் பயிற்றுவிப்பாளர் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பாரா என்று பாருங்கள்.