பாசத்துக்காக யாரும் மாட வீதிக்குப் போவதில்லை

"மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளில் வாங்குவது வெறும் பழங்கால ஏக்கம், செயலியில் சொன்னால் பத்து நிமிடத்தில் வாசலுக்கே வரும்போது வெயிலில் அலைவானேன்?" என்கிறார்கள். ஏக்கத்துக்கு இதில் வேலையே இல்லை. காப்பிப் பொடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டையில் பீபரி பாதி, பிளான்டேஷன் பாதி, அதோடு சிக்கரி 15 சதம் என்றால் கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறாத பொட்டலமாகக் கையில் தருவார்கள். செயலியில் வருவது என்றைக்கோ அரைத்தது. கச்சேரி சாலை டப்பா செட்டி கடையில் பிள்ளை பெற்றவளுக்கு என்று சொன்னால் போதும், மருந்துச் சாமான் எதெது என்று அவர்களுக்குத் தெரியும். அதிமதுரம் 50 கிராம் போதுமென்றால் 50 கிராம்தான்.

மாத மளிகைக்குப் பெரிய கடை மலிவாக இருக்கலாம், மறுக்கவில்லை. சின்னக் கடைக்காரர் எல்லோரும் உத்தமரும் அல்ல. ரசீது கேட்டால் முகம் சுளிப்பவர் உண்டு. ஆனால் அரசியல்வாதிகள்கூட இந்தக் கடைகளைக் கணக்கோடுதான் பார்க்கிறார்கள். 2012இல் பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது, தமிழகத்தில் கிடையாது என்றார் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா. ஏக்கத்தாலா? கடைக்காரர்களின் ஓட்டு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும்.

செயலித் தள்ளுபடி முதலீட்டாளர் பணத்தில் ஓடுகிறது. அது நின்றபின் வரும் விலையையும் கூட்டிக் கணக்குப் போட்டு வாருங்கள், பேசலாம்.